கன்னியம்மாவின் ஐந்தாவது எருமை

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, அது தானாக அணையும் வரை கையை ஆட்டாமல் நின்று சொல்லக்கூடிய சத்தியம். கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. படிக்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்று ஒன்றிரண்டு இடங்களில் குறைத்துச் சொன்னதுண்டு.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் மூன்று அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு கொட்டகை. அதில் நான்கு எருமைகள். பக்கத்து ஓட்டு வீட்டில் கன்னியம்மா. முதலில் வந்தவர் கன்னியம்மாவின் மாமனார். பிறகு கொட்டகை வந்தது, பிறகு எருமைகள் வந்தன, எல்லாருக்கும் கடைசியாகக் காலனி வந்தது. ஆனால் புகார் எழுதத் தெரிந்தது காலனிக்கு மட்டும்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜகோபாலன் அழகான கையெழுத்துக்காரர். சாணி, ஈ, கொசு என்று வரிசையாக எழுதி, நாலாவதாக ‘மன அமைதிக்குப் பங்கம்’ என்றும் சேர்த்திருந்தார். எருமைகள் தன்னை ஒரு மாதிரியாகப் பார்க்கின்றன என்பது அவருடைய நெடுநாள் வருத்தம்.

பதிலுக்கு அரசாங்க நோட்டீஸ் ஒன்று வந்து கொட்டகைத் தூணில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியவர்கள் கஞ்சிப் பசையில் ஒட்டியிருந்தார்கள். நான்கு எருமைகளுக்கும் தலைவியான சீமாட்டி அதில் பாதியை நக்கித் தின்றுவிட்டது. மீதிப் பாதியைச் சம்பத் வந்து வாசித்துக் காட்டினான். சம்பத் பக்கத்துத் தெருக்காரன். வயலை மனை போட்டு விற்று, நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டவன். விவசாயி என்ற பெயர் போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டு ஆடுகளை மொட்டை மாடியில் கட்டி வைத்திருப்பவன்.

“இன்னாடா சொல்றான்?” என்றாள் கன்னியம்மா.

“முப்பது நாள்ல எருமைங்க காலி பண்ணணுமாம் க்கா. காட்டாங்குளத்தூர்ல மாற்றுக் கால்நடைத் தொழில்னு ஒரு கிளாஸு நடக்குது. அஞ்சு நாள் படிச்சிட்டு, பத்து நாள் வூட்ல வளர்த்துக் காட்டி பாஸ் பண்ணா, கொட்டாய விட்டுடுவாங்க. சின்ன பிராணிங்க வச்சுக்கலாம். பெயிலானா கொட்டாயையும் இடிச்சிடுவாங்க.”

“எருமையும் போவாது, கொட்டாயும் போவாது. சொல்லிடு.”

“தூண்ல கீற காகிதத்துகிட்ட இன்னான்னு க்கா சொல்றது? நீ வா. நானும் வரேன். மத்தியானம் சாப்பாடு போட்டு, ஒரு பையும் தராங்களாம்.”

கன்னியம்மா படிக்கப் போகவில்லை. நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனாள்.

வகுப்பெடுத்தவர் ராகவேந்திரா. நாவலூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து அனுப்பப்பட்டு, திங்கட்கிழமை காலை விவசாயிகளுக்கு ஆசிரியரானவர். நல்ல மனிதர். கோபமே வராது. திரையில் ஒரு ஏணியைக் காட்டினார். கீழ்ப்படியில் எருமை. அதற்கு மேலே முயல், காடை, கினிக்கோழி, வான்கோழி. உச்சிப்படியில் ஓர் ஈமு, கழுத்தை நீட்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

“எருமை ஏணி ஏறாது சார்” என்றாள் கன்னியம்மா.

“இது வளர்ச்சியோட ஏணி கன்னியம்மா. நாமதான் ஏறணும்.”

“ஏறி?”

ராகவேந்திரா அதற்கு அடுத்த படத்தைப் போட்டார்.

அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை மைண்ட்செட். மாற வேண்டியது அதுதானாம். “என்னையே பாருங்க. பன்னெண்டு வருஷம் ஏசி ரூம்ல இருந்தவன். போன்னு சொன்னதும் கிளம்பி வந்து, இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கறேன். நான் மாறலையா?”

“உன்னை மாத்துனாங்க சார். நீ எங்க மாறுன?”

வகுப்பில் இருந்த பத்துப் பேரும் பேனாவைப் பார்த்தார்கள். ராகவேந்திரா தண்ணீர் குடித்தார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று சம்பத் சொன்னான். அவருடைய அப்பளத்தைத் தின்றவன் அவன்தான்.

ஐந்தாம் நாள் சீட்டுக் குலுக்கினார்கள். யாருக்கு எந்தப் பிராணி வருகிறதோ, அதைப் பத்து நாள் வீட்டில் வளர்க்க வேண்டும். சம்பத்துக்கு இருபது காடை. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட சுவிசேஷமுத்துவுக்கு முயல். கன்னியம்மாவுக்கு ஈமு.

“ஈமுவா?” என்று சம்பத் வாயைப் பொத்திக்கொண்டான். “சார், கொங்குப் பக்கம் ஒரு காலத்துல ஊரே இத்த வாங்கிட்டு தலையில துண்டப் போட்டுச்சே சார்!”

“அது பழைய வெர்ஷன். இது புதுசு” என்றார் ராகவேந்திரா. பதிவேட்டில், ‘ஈமு ஒன்று, உயிருடனும் நலத்துடனும், என் பொறுப்பில் வழங்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கன்னியம்மா அந்தக் கையெழுத்தைக் காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈமு கன்னியம்மாவை விட ஒரு சாண் உயரம். ஷேர் ஆட்டோக்காரன் பார்த்ததும் ஸ்டாண்டை விட்டே போய்விட்டான். ஆகவே மின்சார ரயில். பெண்கள் பெட்டியில் ஏற்றியதும் சண்டை. அது ஆணா பெண்ணா என்று தெரியாமல் எப்படி ஏற்றலாம் என்று ஒரு கட்சி. ஆணாகவே இருந்தாலும் புடவை முந்தானையை மிதிக்காமல் நிற்கிறதே, அது போதாதா என்று இன்னொரு கட்சி. வண்டலூர் வந்தபோது ஈமு தொண்டைக்குள்ளிருந்து தம் தம் என்று தவில் மாதிரி வாசித்தது. அப்படி வாசிப்பது பெட்டைதான் என்று கொய்யாப்பழக் கூடைக்காரி தீர்ப்புச் சொல்லி, நகர்ந்து இடம் கொடுத்தாள். தாம்பரத்தில் இறங்கி நடந்தார்கள். கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஈமு நின்றது. அன்று அந்தச் சிக்னலில் நின்றது அது மட்டும்தான். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரன் அதைப் பார்த்துத் திட்டினான்.

கொட்டகைக்குள் விட்டதும் ஈமு ஓட ஆரம்பித்தது. மூன்று நாள் ஓடியது. கொட்டகையைச் சுற்றி அது ஓடிய ஓட்டத்தில் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. அதில் பிறகு காலனிக்காரர்கள் இன்டர்நெட் கேபிள் புதைத்துக்கொண்டார்கள். ஓடும்போதெல்லாம் சுற்றுக்கு ஒரு தடவை சீமாட்டியின் மேல் முட்டும். சீமாட்டி நகராது. ஒரு கண்ணைத் திறந்து, யாரோ வந்து போகிறார்கள் என்பது போல் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

“உன் தலையெழுத்து, நீ ஓடு” என்றாள் கன்னியம்மா ஈமுவிடம். “எவனோ ஓடச் சொல்லி அனுப்பிச்சுகீறான். எங்க போவணும்னு அவனும் சொல்லல, நீயும் கேக்கல.”

நாலாம் நாள் காலை ஈமு ஓடவில்லை. சீமாட்டியின் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. காலை மடக்கிப் படுத்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் காலனி முழுக்கப் பால்கனியிலிருந்து பார்த்தது. ஒன்பது மணிக்கு எருமைகள் தாமாகக் கிளம்பி, அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்குப் போகும். யாரும் ஓட்ட வேண்டாம். இப்போது வரிசையில் ஐந்தாவதாக ஈமு போயிற்று, அதே நடை, அதே அவசரமின்மை. ராஜகோபாலனின் கார் ஹாரன் அடித்தால் முன்னே போகிற நாலும் எப்படித் திரும்பிப் பார்க்காதோ, அப்படியே இதுவும் பார்க்காது. குட்டைச் சேற்றில் கழுத்து வரை இறங்கி, கண்ணை மூடிக்கொள்ளும். சாயங்காலம் கறக்கிற நேரத்தில் ஐந்தாவது இடத்தில் காலை அகட்டி நிற்கும். கன்னியம்மா அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “ஆச்சு, போ” என்று சொன்னால்தான் நகரும். ஏழாம் நாள் அது அசை போட்டது. எதை என்று கேட்கக் கூடாது. போட்டது.

செய்முறைப் பயிற்சியைப் பார்வையிட ராகவேந்திரா எட்டாம் நாள் வந்தார். ஈமுவின் வால் எருமை வால் போல் இப்படியும் அப்படியும் ஆடி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

“கன்னியம்மா, என்ன செஞ்சீங்க இதை?”

“நான் இன்னா செஞ்சேன்? நீ கிளாஸ்ல எங்களுக்குச் சொன்னியே, பக்கத்துல கீறவங்க நல்லா இருந்தா பாத்து மாறணும்னு. அது மாறிக்கிச்சு.”

“ஈமுவைப் பார்த்து நீங்க மாறணும்மா.”

“அதுக்குப் புத்தி சீக்கிரம் வந்துடுச்சி சார். எனக்குக் கொஞ்சம் மெதுவாதான் வரும்.”

ராகவேந்திரா வேகமாகச் சாலை வரை போனார். பிறகு திரும்பி வந்து, தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து, அரைமணி நேரம் சீமாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாவலூரில் அவரை அனுப்பிய வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பத்தாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, நோட்டீஸ் அனுப்பிய அதிகாரி சூர்யநாராயணன் வந்தார். கூடவே ஒரு லாரி, ஒரு ஜேசிபி, பன்னிரண்டு ஆட்கள். ராஜகோபாலன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார். சம்பத் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய இருபது காடையையும் அவன் இரண்டாம் நாளே வறுத்துத் தின்றுவிட்டான். பரீட்சையையே மிளகு போட்டுத் தின்றவன் என்று அதிகாரி அவனைப் பற்றி எழுதிக்கொண்டார். சுவிசேஷமுத்துவின் முயல்கள் பத்து நாளில் நூற்றுப்பத்தாகி, அவரை வீட்டுக்கு வெளியே தள்ளிவிட்டன. அந்தப் பக்கத்தில் தேர்வுக்கு மிஞ்சியிருந்தது கன்னியம்மா ஒருத்திதான்.

மூன்று கேள்வி. ஒன்றுக்குச் சரியாகச் சொன்னாலே தேர்ச்சி.

“ஈமு என்ன சாப்பிடும்?”

“தவுடு, புண்ணாக்கு, கயனித் தண்ணி.”

“புத்தகத்துல கீரையும் குருணைத் தீவனமும்னு போட்டிருக்கே?”

“புக்கு அத்த தின்னும் சார். இது இத்த தின்னும்.”

தப்பு என்று போட்டார். “ஈமு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?”

“ஓடாது.”

“ஐம்பதும்மா, ஐம்பது!”

“இருக்கட்டும். எதுக்கு ஓடணும்? அதுக்கு இங்க இன்னா கொற?”

இதுவும் தப்பு. ராகவேந்திரா நகத்தைக் கடித்தார். மூன்றாவது கேள்வி: “ஈமு வளர்ப்புல முக்கியமா கத்துக்க வேண்டியது என்ன?”

கன்னியம்மா ராஜகோபாலனை ஒரு தரம் பார்த்தாள். ஜேசிபியை ஒரு தரம் பார்த்தாள்.

“எவன் வந்து போன்னு சொன்னாலும், இருந்த எடத்தை விட்டுப் போவக் கூடாது.”

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். ‘இடமாற்றம் பறவைக்கு ஏற்றதல்ல’ என்று ஒரு வரி இருந்தது. சரி போட்டார். சான்றிதழை நீட்டினார். ராஜகோபாலன்கூடக் கை தட்டினார்.

“பாஸ். கொட்டகை உங்களுக்கு” என்றார் சூர்யநாராயணன். “எருமைகளை ஏத்துங்கப்பா.”

கன்னியம்மா சான்றிதழை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் நாலு கயிறுகளையும் அவிழ்த்துக் கீழே போட்டாள்.

“ஏத்திக்கோ. யார் கையைப் புடிச்சா?”

பன்னிரண்டு பேர் சீமாட்டியைத் தள்ளினார்கள். சீமாட்டிக்கு அது முதுகு சொறிந்துவிட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் மேலே என்பது போல் சாய்ந்து கொடுத்தது. ஜேசிபி முன்கையை வைத்து அழுத்தியது. ஜேசிபியின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ஓட்டுநர் அந்தரத்தில் உட்கார்ந்தபடி வீட்டுக்குப் போன் போட்டார். அப்புறம் சீமாட்டி தானாகவே, லாரியில் கிடந்த வைக்கோலைப் பார்த்துவிட்டு, பலகையில் ஏறியது. பின்னாலேயே மற்ற மூன்றும். ஐந்தாவதாக ஈமு.

“அது வேணாம், அது வேணாம்! அது ஆபீஸ் சொத்து!” என்று ராகவேந்திரா ஓடி வந்தார். நாலு பேர் ஈமுவைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். தரையில் கால் பட்டதும் ஈமு மடிந்து விழுந்தது. கழுத்தைக் கயிறு மாதிரி நீட்டியது. கண்ணை மூடியது. மூச்சு நின்றது.

எல்லோரும் நின்றார்கள். கன்னியம்மா மட்டும் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்: “ராகவேந்திரா சார், உயிரோடன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீதானே?”

ராகவேந்திரா லாரிப் பக்கம் ஓடினார். “இறக்குங்க! எருமைகளை இறக்குங்க!”

சீமாட்டியின் முன்னங்கால் பலகையில் பட்டதும் ஈமு ஒரு கண்ணைத் திறந்தது. நாலும் இறங்கியதும் எழுந்து, இறக்கையை உதறிக்கொண்டு, ஐந்தாவது இடத்தில் போய் நின்றது.

“நடிக்குது சார்” என்றார் ராஜகோபாலன். “மறுபடி ஏத்திப் பாருங்க.”

மறுபடி ஏற்றினார்கள். ஈமு மறுபடி செத்தது. இறக்கினார்கள், பிழைத்தது. ஏழு தடவை. நாலாவது தடவை செத்தபோது தாம்பரத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இறந்து இரண்டு நாளாகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்தாவது தடவை பிழைத்தபோது அந்தச் சீட்டைச் சீமாட்டி தின்றது.

மணி மூன்றாயிற்று. யாரும் சாப்பிடவில்லை. சூர்யநாராயணன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உத்தரவு எழுத ஆரம்பித்தார். ராகவேந்திரா எழுதிக் கொடுத்தார்: இந்தப் பறவை கூட்டமாக வாழ்வது, இதன் கூட்டம் இந்த நான்கு எருமைகள்தான், பிரித்தால் பிழைக்காது, பிழைக்காவிட்டால் அதற்குத் தாம் பொறுப்பில்லை. அதிகாரி தன் உத்தரவை உரக்கப் படித்தார்.

“ஈமு ஒன்று. அதன் பராமரிப்புக்கு இன்றியமையாத துணைப்பொருட்கள் நான்கு. அனுமதிக்கப்படுகிறது. இந்தாம்மா, கையெழுத்துப் போடு.”

“அக்கா, போட்டுடு! ஜெயிச்சுட்ட!” என்று சம்பத் பேனாவைப் பிடுங்கி அவள் கையில் திணித்தான்.

கன்னியம்மா பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள். எடுத்தாள்.

“துணைப்பொருளா?”

“ஒரு வார்த்தைதானேம்மா. எருமைங்க இங்கதானே இருக்கப் போவுது?”

“நீ இன்னா எழுதறியோ அதானே சார் நாளைக்கு வந்து நிக்கும்? இன்னிக்குத் துணைப்பொருள்னுவ. நாளைக்கு ஈமு செத்தா, பொருளு எதுக்குன்னு எடுத்துக்கினு போவ. என் மாமனாரு காலத்துலேர்ந்து நிக்கிறது இதுங்க. நேத்து வந்தது அது. எது எதுக்குத் துணை?”

“இல்லன்னா இந்த உத்தரவையும் சான்றிதழையும் ரத்து பண்ணிடுவேன்.”

“பண்ணு. ஏழு தபா ஏத்துனல்ல? எட்டாவது தபா ஏத்து.”

ஜேசிபி ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். பன்னிரண்டு ஆட்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்த் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தார்கள். கன்னியம்மா சொல்லாமலேயே உட்கார்ந்தார்கள். ராகவேந்திராவும் உட்கார்ந்தார். கடைசியில் ராஜகோபாலன், அழுக்காகும் என்று தெரிந்தும், கைக்குட்டையை விரித்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், அந்த அம்மா சொல்ற மாதிரியே எழுதிடுங்களேன்” என்றார் அவர். “ரொம்பப் பசிக்கிறது.”

சூர்யநாராயணன் எழுதியதை அடித்தார். கன்னியம்மா சொல்லச் சொல்ல எழுதினார்: ‘எருமைகள் நான்கு, நெடுங்காலமாக இவ்விடத்தில் இருப்பவை. அவற்றின் பொறுப்பில் வளரும் ஈமு ஒன்று.’ கன்னியம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துப் பார்த்து, நாலு எருமையின் பெயரையும் ஓரத்தில் எழுத வைத்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தியபோது ஈமு தவில் வாசித்தது.

அடுத்த பயிற்சி வகுப்பு காட்டாங்குளத்தூரில் நடக்கவில்லை. ராகவேந்திரா இருபது விவசாயிகளை வேனில் ஏற்றிக்கொண்டு நேராக ராஜகீழ்ப்பாக்கம் வந்தார். திரை இல்லை, ஏணிப் படம் இல்லை. கன்னியம்மாவுக்கு ஒரு நாற்காலி மட்டும். அதில் அவள் உட்காரவில்லை. நின்றபடி முதல் பாடத்தையும் கடைசிப் பாடத்தையும் சேர்த்தே சொன்னாள்: “காடை வளருங்க, மொசலு வளருங்க, இன்னா வேணா வளருங்க. கட்டுத்தறியில கீற மாட்ட மட்டும் எவன் சொன்னாலும் அவுக்காதீங்க. கேள்வி கேக்கறவன் எந்திரிச்சு நின்னு கேளு.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஐந்து ஜோடித் தாடைகள் அசை போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

கறப்பதெல்லாம் பேருக்குத்தான்; நாலுக்கும் மடி வற்றி, கன்னியம்மா வீட்டில் முப்பது வருடமாகப் பாக்கெட் பால்தான் வாங்குகிறார்கள்.